கேஸ் கேட்பதற்கு முன்னால் கிரில்லைக் கழற்றுங்கள் அண்ணாச்சி

தூத்துக்குடியில் பேக்கரி, மீன் கடை, ஐஸ்கிரீம் கடை, பிரியாணிக் கடை, மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக உங்கள் கடை ஃப்ரீசருக்கும் விசி கூலருக்கும் (கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி) பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் வரும் நேரத்தில் உங்களுக்கு யாவாரம், எனக்கு அடுத்த கடை. நின்று பேச இரண்டு பேருக்குமே நேரம் இருக்காது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். எடுத்தால் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வீர்கள்: "தம்பி, கூலிங் இல்ல, கேஸ் போயிருச்சு, வந்து கொஞ்சம் கேஸ் போட்டுட்டுப் போ." கேஸ் போயிருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம். கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை அண்ணாச்சி. சீல் வைத்த செம்புக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே உள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டும், திரும்பி வரும். ஓட்டை இல்லாவிட்டால் பதினைந்து வருஷம் ஆனாலும் அதே கேஸ் அதே அளவில் இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் போட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றியதுபோலத்தான், ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து மறுபடியும் என்னைக் கூப்பிடுவீர்கள்.

ஆனால் உண்மையில் பாதிக்கு மேற்பட்ட கடைகளில் நான் பார்த்தவரை கேஸ் போயிருப்பதே இல்லை.

போன சித்திரையில் ஒரு பேக்கரி. ஃப்ரீசர் மைனஸ் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, மேலே கை வைத்தால் ஒரு நொடிகூட வைத்திருக்க முடியாத சூடு. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து, இரண்டு பேருமே கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே முன்பக்கம் இருக்கும் கிரில்லின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சூட்டை வெளியே விடுகிற கன்டென்சர் காயிலைக் காணோம். மைதாத் தூசியும் சர்க்கரைப் பொடியும் நம் ஊர்க் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து, காயில் முகத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம். ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன், கல்லிலிருந்து தோசையை எடுப்பதுபோல் முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக் கடைக்கார அண்ணாச்சியிடம் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்து, புளோயர் அடித்து, முன்னால் வந்தவர்கள் அதிகமாக ஏற்றியிருந்த கேஸை சிலிண்டரில் இறக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். முதலில் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 5.8 ஆம்பியர் காட்டியது, வேலை முடிந்தபின் 4.3. ராத்திரி கடை அடைக்கிற நேரத்துக்கு மைனஸ் பதினெட்டைத் தொட்டிருந்தது. இதில் எந்தப் பாகமும் மாற்றவில்லை. அந்த ஃப்ரீசர் எத்தனை மாதமாக அந்தக் கூடுதல் ஒன்றரை ஆம்பியரை ராப்பகலாக இழுத்துக்கொண்டிருந்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தூசிக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்பீர்கள். உள்ளிருந்து எடுத்த சூட்டைக் கன்டென்சர்தான் கடைக் காற்றில் விடவேண்டும். காற்று நுழைய வழி இல்லையென்றால் அந்தச் சூடு குழாய்க்குள்ளேயே நிற்கும், பிரஷர் ஏறும். நிறைய ஃப்ரீசரில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸை எடுத்துக்கொள்ளுங்கள்: கன்டென்சர் 50 டிகிரியில் இருந்தால் பிரஷர் 175 பிஎஸ்ஐ வாக்கில் நிற்கும், அதே கன்டென்சர் 65 டிகிரிக்குப் போனால் 260 பிஎஸ்ஐ. அத்தனையையும் எதிர்த்துத் தள்ளுவது அந்தக் குட்டிக் கம்ப்ரசர்தான். தள்ளத் தள்ள கரன்ட் அதிகமாக இழுக்கும், சூடேறும், உள்ளே இருக்கும் ஆயில் கெட்டுப்போகும், கடைசியில் உள்ளே மோட்டாரின் கம்பிச் சுருள், அதாவது வைண்டிங், எரியும். எரிந்த கம்ப்ரசரை மாற்றினால் மட்டும் போதாது, குழாய் முழுக்க அமிலம் கலந்த ஆயில் நிற்கும், லைனைக் கழுவி, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற ஃபில்டர் டிரையரையும் மாற்றவில்லையென்றால் புதுக் கம்ப்ரசரும் பழையதன் வழியில்தான் போகும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு, அது உப்பு. கடலும் உப்பளமும் சுற்றி இருக்கிற ஊர். மதுரையில் பத்து வருஷம் தாங்குகிற காயில் பீச் ரோட்டுப் பக்கம் நாலு வருஷம் தாங்கினால் பெரிது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் முதலில் அலுமினியம்தான் கரையும், தகடு வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டால் பொரி மாதிரி உதிரும். தகடு போனபின் தூசியே இல்லாவிட்டாலும் அந்தக் காயிலால் சூட்டை விடமுடியாது. இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். மாதம் ஒரு தடவை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரிலும் வயர் பெட்டியிலும் படாமல், கையால் அடிக்கும் ஸ்ப்ரேயரில் குடிக்கிற தண்ணீரை நிரப்பிக் காயிலை மட்டும் கழுவி, காய்ந்தபின் போடுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலும் உப்புதான். புதிதாக வாங்கும்போது கோட்டிங் போட்ட காயில் இருக்கிறதா என்று கேளுங்கள். கதவுக்கு நேராக, கடல் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் ஃப்ரீசரை வைக்காதீர்கள். இடம் இல்லை என்பீர்கள், தெரியும். ஆனால் ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் அரை அடி இடத்தில் முட்டை அட்டையும் காலி சாக்கும் அடுக்கியிருப்பதை நான் வாரத்துக்கு நாலு கடையில் பார்க்கிறேன். அந்த அரை அடி ஃப்ரீசர் மூச்சு விடுகிற இடம்.

சரி, இதெல்லாம் மெக்கானிக்தான் செய்யவேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். உங்கள் கடைப் பையனே செய்யலாம். கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடம் வழியாக ராப்பகலாக வெப்பக் காற்று உள்ளே போகிறது. நாலு பக்கமும் பாருங்கள், கீழ்ப்பக்கம்தான் முதலில் போகும். ரப்பரில் பிசுக்கு ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி சரியாகிவிடும். பிரியாணிக் கடை அண்ணாச்சிமாரிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: ஆவி பறக்கும் சால்னாவை நேராக ஃப்ரீசருக்குள் வைக்காதீர்கள். அந்த ஆவி முழுக்க உள்ளே காயிலில் ஐஸாகப் படியும், ஐஸ் படிந்த காயில் குளிரை வெளியே விடாது, ஐஸும் ஒரு போர்வைதான். அகலமான தட்டில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டு அப்புறம் வையுங்கள், வெளியே மணிக்கணக்கில் கிடக்கவும் விடாதீர்கள்.

ஐஸ் கட்டிவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதைவிட என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போன காசு கொஞ்சநஞ்சமில்லை. கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு, எதையும் வைத்துக் குத்தாதீர்கள். ஒரு ஐஸ்கிரீம் கடையில் பதினேழு வயசுப் பையன், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டியிருக்கிறான். "உஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டி ஃப்ரீசரில் குழாய் சுவருக்குப் பின்னால் ஃபோமுக்குள் ஓடும், அதில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கிட்டத்தட்ட வழியே இல்லை. அந்த அண்ணாச்சி பையனைத் திட்டித் தீர்த்துவிட்டார். ஆனால் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஐஸ் கால் இஞ்சுக்கு மேல் தடித்தால் சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, ஸ்விட்சை அணைத்து, மூடியைத் திறந்துபோட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தானாகக் கழன்று விழும்.

ராத்திரி கடை அடைக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். கரன்ட் பில் கஷ்டம் எனக்கும் தெரியும், அதில் கொஞ்சம் மிச்சமாவதும் உண்மைதான். ஆனால் உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமில் மணல் மாதிரி ஐஸ் கிடப்பதை வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளை கண்டுபிடித்துவிடும். மீனும் கோழியும் அதைவிட மோசம், உருகுகிற ஒவ்வொரு தடவையும் கிருமி பெருகும், மறுபடி உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். குளிரில் வைக்கவேண்டிய உணவு 5 டிகிரிக்குக் கீழே, உறைந்த சரக்கு மைனஸ் 18 என்பது உணவுப் பாதுகாப்புத் துறைக்காரர்கள் நம்மைத் தொந்தரவு செய்யக் கண்டுபிடித்த எண் இல்லை. அதைச் சாப்பிடப்போகிற பிள்ளையின் வயிற்றுக்காக வைத்த எண்.

மருந்துக் கடைக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். இன்சுலினும் தடுப்பூசியும் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டியவை. சூடானால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கடையில் வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலின் பெட்டிகளைப் பின்சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள், தெர்மோஸ்டாட் கெட்டு ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியதால் பின்வரிசை முழுக்க உறைந்திருந்தது. கடைப் பையன் வெளியே எடுத்து வைத்து, "உருகினா சரியாயிரும்ணே" என்றான். ஆகாது. உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்கு நல்லதாகவே தெரிந்தாலும் வேலை செய்யும் என்று நம்பமுடியாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். எங்கள் அம்மா தினம் இரண்டு வேளை ஊசி போடுகிறாள், அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. குறைந்த அளவும் கூடிய அளவும் காட்டுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள், நீங்கள் தூங்கும்போது என்ன நடந்தது என்பதைக் காலையில் அது சொல்லிவிடும். அதைத் தினமும் இரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நோட்டு என்றதும் பெரிய ஹோட்டல், மீன் கம்பெனி ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே கட்டடம் முழுக்கக் குளிர்விக்கும் பெரிய மெஷின் இருக்கும் சில்லர் பிளான்ட்டில் லாக் புக் அழகாக இருக்கும், காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் ஒரே எண் எழுதியிருக்கும். மீட்டரைப் பார்க்காமல் எழுதிய எண் அது. அந்த மெஷினின் சூட்டை வெளியே விடுகிற கூலிங் டவர் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்து கன்டென்சர் டியூபில் ஓடு கட்டுவதை அந்த எண்கள்தான் மூன்று மாதம் முன்பே காட்டிக்கொடுக்கும். பார்த்து எழுதினால்.

இப்போது எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் இந்த மடல் நியாயமாக இருக்காது. லீக் இருக்கிறது என்றால் சரியான வேலை என்பது இது: நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கவேண்டும், பிரேசிங் செய்து (தீயில் உலோகக் கம்பியை உருக்கி ஒட்டி) அடைக்கவேண்டும், ஃபில்டர் டிரையரை மாற்றவேண்டும், வாக்கும் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக இழுக்கவேண்டும், அப்புறம் எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, பெட்டி ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குக் கேஸ் ஏற்றவேண்டும். இதற்கு அரை நாள் ஆகும். நீங்கள் வாசலில் நின்றுகொண்டு "ஐநூறுக்குள்ள முடி தம்பி, சரக்கு கெடுது" என்கிறீர்கள். ஐநூறுக்கு முடிக்கிறவன் வாக்கும் போடமாட்டான். உள்ளே தங்கிய ஈரம் கேப்பிலரி என்கிற மெல்லிய குழாயின் வாயில் ஐஸாக அடைக்கும், கம்ப்ரசரைத் தின்னும். அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை, அவன் வீட்டிலும் அடுப்பெரியவேண்டும். ஆனால் அடுத்த தடவை உங்கள் கடைக்கு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நைட்ரஜன் கொண்டுவந்திருக்கிறாயா, வாக்கும் பம்ப் எங்கே, எடை மெஷின் எங்கே. நைட்ரஜனுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றி லீக் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள், கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அப்படி வெடித்தால் பக்கத்தில் நிற்கிற மெக்கானிக்குதான் முதலில் அடி.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது வருகிற ஃப்ரீசர், விசி கூலரில் நிறைய ஆர்-290 கேஸ்தான். அது புரொப்பேன், எரிகிற கேஸ். பெட்டிக்குப் பெரும்பாலும் 150 கிராமுக்குள்தான் இருக்கும், ஒழுங்காக இருந்தால் பயமே இல்லை, கரன்டும் குறைவாக இழுக்கும். ஆனால் பின்பக்கம் தீப்பிழம்பு படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை யாரும் கிழிக்கக்கூடாது. அதைப் பார்க்காமல் பழைய பழக்கத்தில் குழாயில் பிரேசிங் தீயை வைக்கிறவன் கடையையே கொளுத்திவிடுவான். அதில் ஆர்-134ஏ ஏற்றுவதும் தப்பு, பழைய ஆர்-22 பெட்டியில் இதை ஏற்றுவதும் தப்பு. ஆர்-22 மாதிரிப் பழைய கேஸ்களை இந்தியாவும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறது, ஆர்-134ஏ, ஆர்-404ஏ மாதிரிக் கேஸ்களையும் குறைக்க ருவாண்டா நாட்டின் கிகாலியில் 2016இல் உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்தை நம் அரசு 2021இல் ஏற்றுக்கொண்டது. காரணம் லேசானது இல்லை. பழைய ஃப்ரீசர்களில் இருக்கும் ஆர்-404ஏ ஒரு கிலோ காற்றில் போனால், அது கிட்டத்தட்ட 3.9 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை "கொஞ்சம் கேஸ் போடு" என்று சொல்லும்போது அந்தக் கேஸ் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்?

மீன் கடை அக்காமாரே, உங்களுக்குக் கரன்ட் பற்றி இரண்டு வரி. எந்நேரமும் தரை ஈரம், கையில் ஈரம். ஃப்ரீசரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டு ஓட்டுவதை இந்த வருஷமே இரண்டு கடைகளில் பார்த்தேன். சுருக்கென்று இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தாலே விழும் பிரேக்கர் ஒன்று போடச் சொல்லுங்கள். மீனை நாளைக்குக்கூட விற்றுக்கொள்ளலாம் அக்கா.

கரன்ட் போய் வரும்போது "டக்… டக்…" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முடியாமல், அதைக் காக்கிற ஓவர்லோட் ஸ்விட்ச் விழுந்து எழுகிற சத்தம். நின்ற கம்ப்ரசரில் இரண்டு பக்கப் பிரஷரும் சமமாக மூன்று நிமிஷமாவது வேண்டும், அதற்குள் கரன்ட் வந்துவிட்டால் இப்படித்தான் முக்கும். மூன்று நிமிஷம் தாமதித்துக் கொடுக்கிற ஸ்டெபிலைசர் கடைகளில் கிடைக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 170க்கு இறங்குகிற தெருக்களில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எனக்கு வேண்டியது இதுதான். கத்திரியில் என்னைக் கூப்பிடாதீர்கள், மாசியில் கூப்பிடுங்கள். என்னைத்தான் என்று இல்லை, உங்களுக்கு நம்பிக்கையான யாரையாவது. மாசியில் எங்களுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் சரக்கு குறைவாக இருக்கும், ஆற அமர உட்கார்ந்து காயில் கழுவி, ஃபேன் மோட்டார் பார்த்து, ஆம்பியர் எடுத்து, பெட்டி மேலேயே தேதி போட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவோம். ஐப்பசி மழை முடிந்ததும் இன்னொரு தடவை. அதற்கு நடுவில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்ததும் அரை மணி நேரம், கடைப் பையன் கையில் பிரஷைக் கொடுங்கள். கம்பெனி கொடுத்த விசி கூலர், கம்பெனிக்காரன் வந்து பார்ப்பான் என்று இருக்காதீர்கள், கூலர் அவனுடையதாக இருந்தாலும் கரன்ட் பில் உங்கள் பெயரில்தான் வருகிறது.

இன்றைக்கு ராத்திரி கடை அடைக்கும்முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் கிரில்லின் ஸ்க்ரூவைக் கழற்றி, போன் டார்ச் அடித்து உள்ளே ஒரு போட்டோ எடுத்து உங்கள் மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். கிரில்லை மாட்டிவிட்டு, போவதற்குமுன் மறக்காமல் பிளக்கைத் திரும்பச் சொருகிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஃப்ரீசர் மெக்கானிக்